பத்தடி வாலை யார் தூக்குவது?

கேள்வி: எனக்கு 27 வயது. தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. ஜனவரியில் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் திருமணம். மாப்பிள்ளையின் அக்கா ஒரு படம் அனுப்பி, அதில் இருப்பதுபோல் வெள்ளை கவுனும், பின்னால் தரையில் இழுபடும் பத்தடி ட்ரெயினும் வேண்டும் என்கிறார். 1966-ல் தன் கல்யாணத்துக்குப் புடவைமேல் போட்ட நெட்டை, அதாவது மெல்லிய வலைத்துணி முக்காட்டை, என் ஆச்சி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதை நான் போட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. “முக்காடு பெண்ணடிமை, ட்ரெயின் வெள்ளைக்காரன் பகட்டு, ரெண்டும் வேண்டாம்” என்பது அண்ணன் கட்சி. “வெள்ளையும் நெட்டும் தூய்மைக்கு அடையாளம், முகத்தை மூடிக்கொண்டுதான் கோயிலுக்குள் வரணும்” என்கிறார் பெரியம்மா. இதெல்லாம் எங்கிருந்து வந்தது? யார் சொல்வது சரி? பத்தடி எனக்குச் சரிவருமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஆச்சி, அண்ணன், பெரியம்மா, நாத்தனார் என்று நாலு பேருடைய விருப்பமும் கடிதத்தில் இருக்கிறது. உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. கடைக்கு வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். முதல் நாள் அளவெடுக்கும்போது அம்மா பேசுவார், அத்தை பேசுவார். பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாகர்கோவிலில் 26 வருஷமாகக் கல்யாண கவுனும் நெட்டும் தைக்கிறேன். அந்த முகம் எனக்குப் பழக்கம்.

முதலில் வார்த்தை. மணப்பெண் முக்காட்டுக்கு இங்கிலீஷ்காரர்கள் சொல்லும் பெயரை (veil) அப்படியே ‘வெயில்’ என்று எழுதினால் தூத்துக்குடி மத்தியானம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அது ‘நெட்’. ட்ரெயினுக்கும் அதே கூத்து. ஆனால் ரயிலும் கவுனின் வாலும் உண்மையிலேயே ஒரே சொல்தான். இழுத்துக்கொண்டு போவது என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இரண்டும் வந்தன. கவுனுக்குத்தான் அந்தப் பெயர் முதலில் வந்தது, ரயிலுக்கு ரொம்பப் பின்னால். எங்கள் கடைக்கு வரும் வயசானவர்கள் ‘வால்’ என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. ஆலயத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்பதற்குக் கொரிந்தியர் நிருபத்தில் பவுல் சொல்லும் காரணம் நமக்குத் தெரியும்: ஆண்தான் பெண்ணுக்குத் தலை என்பது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கல்யாணம் ஆகாத பெண்களும் மூடத்தான் வேண்டும் என்று ஒரு முழு நூலே எழுதினார். எல்லோரும் மூடிக்கொண்டிருந்தால் அவர் ஏன் மெனக்கெட்டு எழுதப்போகிறார்? மூடாமல் வந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் மணப்பெண்ணின் முக்காடு கிறிஸ்தவத்தில் பிறந்ததல்ல, அதைவிடப் பழையது. ரோமாபுரியின் மணப்பெண் போட்டுக்கொண்ட முக்காட்டுக்கு ஃபிளாம்மியம் என்று பெயர். நிறம் வெள்ளை அல்ல. முட்டையின் மஞ்சள் கருவும் தீக்கொழுந்தும் கலந்தாற்போன்ற மஞ்சள். ஜூபிட்டர் கோயில் பூசாரியின் மனைவி எப்போதும் அணிந்திருந்த முக்காடு அது. அந்தப் பூசாரிக்கும் மனைவிக்கும் விவாகரத்து கிடையாது, செத்தால்தான் பிரிவு. புதுப்பெண்ணுக்கும் அப்படியே அமையட்டும் என்றுதான் அதே முக்காட்டைப் போட்டார்கள் என்று ரோமானியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தீர்க்க சுமங்கலி கையால் மஞ்சள் கயிறு எடுத்துக் கொடுக்கச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த எண்ணம். பெரியம்மா சொல்லும் தூய்மைக்கு அங்கே இடமே இல்லை.

வேதாகமத்தில் ஈசாக்கு தூரத்தில் வருவதைக் கண்டதும் ரெபெக்காள் ஒட்டகத்திலிருந்து இறங்கி முக்காடிட்டுக்கொள்கிறாள். இட்டுக்கொண்டது அவளே என்பதைக் கவனியுங்கள். யூதர் கல்யாணத்தில் இன்றும் சடங்குக்கு முன்னால் மாப்பிள்ளையே வந்து பெண்ணின் முகத்தைப் பார்த்து, தன் கையால் முக்காட்டை இறக்கிவிடுவார். ராகேல் என்று நம்பி லேயாளைக் கட்டிய யாக்கோபின் கதையை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். பெண்ணை மாற்றிவிட்டார்களா என்று சரிபார்க்கும் சடங்காம்! ஸ்பெயின் வழியாகப் பிலிப்பைன்ஸ் வரை போன கத்தோலிக்க வழக்கத்தில் அந்தத் துணி பெண்ணின் தலையோடு நிற்பதில்லை. மாப்பிள்ளையின் தோளுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துப் போர்த்துகிறார்கள். ஒரே துணிக்கு ஊருக்கு ஒரு அர்த்தம். கெட்ட ஆவிகளை ஏமாற்ற வந்தது, மாப்பிள்ளை ஓடிவிடாமலிருக்க முகத்தை மூடினார்கள் என்றெல்லாம் போனில் சுற்றும் கதைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. இடைக்கால ஐரோப்பாவின் பல பகுதிகளில் கல்யாணமான பெண்கள்தான் கூந்தலை மூடினார்கள். மணமேடைக்குப் போகும் பெண் கூந்தலை அவிழ்த்து விட்டு, தலையில் கிரீடமோ பூச்சரமோ வைத்துக்கொண்டு போனாள். பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அண்ணனுக்கு நான் சொல்ல நினைக்கும் கதை இத்தாலியில் நடந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பார்மா நகரத்தில் சாலிம்பேனே என்று ஒரு பிரான்சிஸ்கன் துறவி. தன் காலத்து வம்பு வழக்கையெல்லாம் விடாமல் எழுதி வைத்தவர். போப்பின் பிரதிநிதியாக அந்தப் பக்கம் வந்த கர்தினால் லத்தீனோ, பெண்களின் உடை தரையைத் தொட்டு அதற்குமேல் ஒரு சாண் வரைதான் இருக்கலாம் என்று உத்தரவு போட்டார். அதுவரை சுமார் மூன்றடி வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு திரிந்தார்களாம். மீறினால் பாவமன்னிப்பு கிடையாது என்று கோயில் கோயிலாக அறிவித்தார்கள். பெண்களுக்கு அது சாவைவிடக் கசந்தது என்கிறார் சாலிம்பேனே. நான் உடுத்தும் அத்தனையையும்விட அந்த வால்தான் எனக்குப் பிரியம் என்று ஒரு பெண் அவரிடமே சொல்லியிருக்கிறாள். ஒரு துறவியிடம் போய் அதைச் சொல்ல எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்க வேண்டும்!

உத்தரவில் இரண்டாவது பகுதியும் உண்டு. பெண்கள் எல்லோரும் தலையில் முக்காடு போட வேண்டும். வால் விஷயத்தில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முக்காட்டுக்கு வழி கண்டுபிடித்தார்கள். மெல்லிய துணியிலும் பட்டிலும் பொன்னிழை கோத்து முக்காடு செய்து போட்டுக்கொண்டார்கள். முன்னைவிடப் பத்து மடங்கு அழகாகத் தெரிந்தார்கள், பார்க்கிறவர்கள் கண் இன்னும் அதிகமாக அவர்கள் மேலேயே போனது என்று அதே துறவி எழுதுகிறார். அந்தப் பொன்னிழையைக் கோத்துக் கொடுத்தவளும் என்னைப்போல் ஒரு தையற்காரிதான் என்று நினைத்துக்கொள்வேன். முக்காடு அடக்குவதற்காக வந்தது என்பது சரி. அடங்கியதா என்பதுதான் கேள்வி.

இனி வெள்ளை. விக்டோரியா ராணிதான் தொடங்கிவைத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு முன்னும் வசதியானவர்கள் வெள்ளை உடுத்தியதுண்டு. ஸ்காட்லாந்தின் மேரி 1558-ல் பாரிஸில் வெள்ளையில்தான் மணமானார். அங்கே அரச குடும்பத்தில் துக்கத்துக்கு உடுத்தும் நிறம் அது. ஆங்கில இளவரசிகளுக்கு வெள்ளியிழை ஆடைதான் வழக்கம். சாதாரணப் பெண்கள் இருப்பதில் நல்ல உடையை, என்ன நிறமானாலும், போட்டுக்கொண்டு போனார்கள். மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு ஆக வேண்டுமே. விக்டோரியாவின் கல்யாணம் 1840 பிப்ரவரி 10-ஆம் தேதி லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை சேப்பலில் நடந்தது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்த வெள்ளை சாட்டின் கவுன். தலையில் வைரக் கிரீடம் இல்லை, ஆரஞ்சுப் பூ வளையம். நெட் பின்பக்கம் மட்டும் தொங்கியது. முகம் திறந்தே இருந்தது. முகத்தை மூடும் வழக்கம் அங்கே பரவியது அந்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான். ஆகவே ‘மூடித்தான் வரணும்’ என்பதற்கு ராணியே சாட்சி சொல்ல மாட்டார்.

அவருடைய லேஸ்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பியர் என்ற கடற்கரைக் கிராமத்துப் பெண்கள் நூற்றுக்கணக்கானோர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. இறுக்கமாகத் திணித்த திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் ஹானிட்டன் லேஸ். ராணி இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தப் பெண்களுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. வேலையைத் தின்றது இயந்திர நெட். ஜான் ஹீத்கோட் என்பவர் 1808-ல் ஒரு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், மறு வருஷம் அதை இன்னும் சரிசெய்தார். கையால் செய்தால் நாள்கணக்கில் ஆகும் அறுகோணக் கண்ணி நெட்டை அது கடகடவென்று தள்ளியது. 1816-ல் லஃப்பரோவில் இருந்த அவருடைய தொழிற்சாலைக்குள் ஆட்கள் புகுந்து 55 இயந்திரங்களை நொறுக்கினார்கள். அவர் டிவர்ட்டனுக்குப் போய்விட்டார். அதுவும் அதே டெவன்தான். விக்டோரியாவின் நெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: பூவும் இலையும் கையால் பின்னியவை, அவற்றைத் தைத்த தளம் இயந்திர நெட். சண்டை போட்ட இரண்டு தொழிலும் ஒரு மணப்பெண்ணின் தலையில் ஒன்றாகத் தொங்கின. இன்று நான் தைக்கும் சாஃப்ட் நெட்டும் அந்த இயந்திரத்தின் பேத்திதான். டிவர்ட்டன் ஆலை இப்போதும் ஓடுகிறது. 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் வண்டியின் பாராசூட் துணி அங்கே நெய்ததுதான்.

லேஸ் பின்னிய கை நம் பக்கமும் உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, இங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு இதே குச்சி லேஸைக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. என் அப்பாவின் அத்தை ஒருத்தர் கடைசிக் காலம்வரை திண்டை மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருப்பார். கண் பார்வை மங்கிய பிறகும், குச்சிகள் மோதும் சத்தத்திலேயே தப்பு வந்த இடம் தெரியும் என்பார். ஆச்சியின் நெட்டில் ஓரத்தில் லேஸ் இருந்தால் திருப்பி, பின்பக்கத்தைப் பாருங்கள். பூவைத் தனியாகச் செய்து தைத்திருந்தால் பின்னால் தையல் தெரியும். ஒருவேளை உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இடையன்குடி இருக்கலாம்.

சரி, வாலுக்கு வருவோம். உங்கள் அண்ணன் ‘பகட்டு’ என்கிறார். இதில் அவர் முழுக்கவே சரி. தரையில் இழுபடும் துணி என்றால் அதை வாங்கக் காசு வேண்டும், தூக்க ஆளும் வேண்டும். ஐரோப்பிய அரசவைகளில் வால் அந்தஸ்தோடு ஒட்டிக்கொண்டது அதனால்தான். பிரிட்டிஷ் அரசவையில் ராஜாவுக்கு அறிமுகமாகப் போகும் பெண்களுக்கு மூன்று கஜம் கட்டாயமாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு குதிகாலிலிருந்து 18 அங்குலத்துக்குமேல் போகக்கூடாது என்று குறைத்தார்கள். அரண்மனையில் குட்டையானதும் கல்யாண வீட்டில் அது நீண்டது என்பது வேடிக்கை.

ஆளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. 1804 டிசம்பர் 2, பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் நெப்போலியனுக்கும் ஜோசஃபினுக்கும் முடிசூட்டு. ஜோசஃபினின் கனத்த வெல்வெட் மேலாடையின் வாலைத் தூக்க வேண்டியவர்கள் நாத்தனார்கள், அதாவது நெப்போலியனின் தங்கைகள். முடியவே முடியாது என்றார்கள். கடைசியில் ‘வாலைத் தூக்குவது’ என்பதை ‘மேலாடையைத் தாங்குவது’ என்று வார்த்தையை மாற்றி, அவர்களுடைய வாலைத் தூக்கவும் ஆள் போட்ட பிறகுதான் சம்மதித்தார்கள். படம் அனுப்பிய உங்கள் நாத்தனாரிடம் ஒன்று கேளுங்கள்: ‘அக்கா, பத்தடியை நீங்கள்தானே தூக்கப்போகிறீர்கள்?’ சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

ஆள் அதிகமானாலும் தொந்தரவுதான். விக்டோரியாவின் வாலைத் தூக்கப் பன்னிரண்டு பெண்கள். வால் நீளம்தான், ஆனால் பன்னிரண்டு பேருக்குப் போதவில்லை. ஒருத்தி குதிகாலை ஒருத்தி உதைத்துக்கொண்டு, ஒருத்தி பாவாடையை ஒருத்தி மிதித்துக்கொண்டு நடந்ததை அவர்களில் ஒரு பெண் எழுதியிருக்கிறாள்.

உங்களுக்குத் தெரிந்த வால் டயானாவுடையதாக இருக்கும். 1981 ஜூலை 29, லண்டன் செயின்ட் பால் பேராலயம். 25 அடி. தந்த நிறப் பட்டு டஃபெட்டா, வடிவமைத்தவர்கள் டேவிட், எலிசபெத் இமானுவேல் தம்பதி. பேராலயத்துக்கு அந்த நீளம் பொருத்தம்தான். ஆனால் பெண் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு சின்னக் குதிரை வண்டியில், ஆஜானுபாகுவான அப்பாவோடு. இறங்கியபோது கசங்கிச் சுருண்ட டஃபெட்டாவை உலகமே டி.வி.யில் பார்த்தது. துணிக் கடையில் டஃபெட்டாவைக் கையில் எடுத்து ஒருமுறை இறுக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் அப்படியே நிற்கும். சாட்டின் அவ்வளவு பிடிவாதம் இல்லை, சாஃப்ட் நெட் ஒன்றுமே செய்யாது. உங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு எந்தக் காரில் போகிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் துணியைச் சொல்வேன். (நீளத்துக்கு எல்லை இல்லை என்பதற்கு ஒன்று: 2018-ல் சைப்ரஸ் பெண் ஒருவர் 6,962.6 மீட்டர் நெட் போட்டுக் கின்னஸில் இடம்பிடித்தார். கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். அதற்கு ஊக்கு குத்தியவர்கள் பாவம்.)

எனக்குப் பிடித்த வால் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஒரு அமெரிக்க விமானி, எரியும் விமானத்திலிருந்து 1944-ல் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். அந்த நைலான் பாராசூட்டைக் கொண்டுவந்து, ‘இதில் கவுன் தைத்துக்கொள்’ என்று காதலியிடம் கொடுத்தார். 1947-ல் கல்யாணம். மேல்சட்டையையும் நெட்டையும் ஒரு தையற்காரி தைத்துக் கொடுத்தார், பாவாடையைப் பெண்ணே செய்துகொண்டாள். பாராசூட்டில் ஏற்கெனவே இருந்த கயிறுகளை இழுத்துச் சுருக்கினாள். முன்பக்கம் தூக்கிக்கொண்டது, பின்பக்கம் வாலாக விழுந்தது. அளவு நாடாவே வேண்டியிருந்திருக்காது போல. பின்னால் அவர்கள் மகளும் மருமகளும் அதே கவுனில்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இனி உங்கள் பத்தடி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு ஒன்பதடி வால் தைத்தேன். கோயிலைப் போய்ப் பார்க்கவில்லை, அது என் தப்பு. பீடத்துக்கு மூன்று படி. முழங்கால் போட்டு ஜெபித்து எழுந்தபோது மாப்பிள்ளையின் ஷூ வாலின் மேல். ‘பர்ர்’ என்று இடுப்புத் தையல் ஒரு பக்கம் விட்டுவிட்டது. பாட்டுச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. பாட்டு முடிவதற்குள் வெஸ்ட்ரிக்குள் (கோயிலின் உள்ளறை) கூட்டிப்போய் நின்றபடியே தைத்துவிட்டேன். அந்தப் பெண் அழவில்லை, நான்தான் அழுதேன். அதிலிருந்து வால் பிரியும் இடத்தில் உள்ளே காட்டன் டேப் வைத்துத் தைக்காமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வரும் வாரம் கோயில் உபதேசியாரிடம் சாவி கேளுங்கள். ஒரு டபுள் காட் பெட்ஷீட்டை நீளவாக்கில் இடுப்பில் பின்பக்கமாகக் கட்டிக்கொள்ளுங்கள். இடுப்பிலிருந்து கிட்டத்தட்ட எட்டடி வரும். கல்யாணத்தன்று போடப்போகும் அதே உயர ஹீல்ஸோடு வாசலிலிருந்து பீடம்வரை நடங்கள், திரும்புங்கள், படி ஏறுங்கள், முழங்கால் போடுங்கள். கூட அப்பாவையும் நடக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் முதலில் மிதிப்பது அப்பாவாகத்தான் இருக்கும். நடுப்பாதை ஐந்தடிக்குக் குறைவாக இருந்தால் பெட்ஷீட் இரண்டு பக்கமும் பெஞ்சுக் காலில் மாட்டும். மாட்டினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நம் கோயில்களில் இடுப்பிலிருந்து அளந்து ஆறடிக்குமேல் நான் சொல்வதில்லை. கால்வரை கழித்துவிட்டால் தரையில் கிடப்பது இரண்டரை, மூன்றடிதான், சாலிம்பேனே காலத்து அளவு. படத்துக்கு அது போதும். போட்டோகிராபர் கீழே உட்கார்ந்து எடுத்தால் மூன்றடியே பத்தடியாகத் தெரியும். அது அவருக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பத்தடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் கழற்றி மாட்டும் வாலாகக் கேளுங்கள். இடுப்பில் பெல்ட் மறைவில் ஹுக். கோயிலுக்குள் மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்ததும் கழற்றிவிடலாம். ஒட்டியே தைத்த வாலாக இருந்தால் உள்பக்கம் பொத்தானும் கயிறு வளையமும் வைத்துத் தூக்கி மாட்டும் வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் சாப்பாட்டுப் பந்தியில் ரசம் உங்கள் வாலில்தான். ஃப்ளவர் கேர்ள் என்று மூன்று வயசுப் பிள்ளையிடம் வாலைக் கொடுக்காதீர்கள். அது பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும்.

முகத்தை மூடுவதா என்ற கேள்விக்கு உங்கள் ஆயர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் முடிவு உங்களுடையது. மூடினால் முன்பக்கத்துக்குச் சாஃப்ட் நெட் ஒரே ஒரு அடுக்கு, வேலைப்பாடு எதுவும் இல்லாமல். முன்னால் கல், முத்து வைத்தால் உங்களுக்குப் படி தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், நீங்கள் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மெழுகுவர்த்தி விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். 1862-ல் பாரிஸ் ஓப்பராவில் எம்மா லிவ்ரி என்ற நடனக்காரியின் மெல்லிய பாவாடை விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் கிடந்து இறந்துபோனாள். தீப்பிடிக்காமல் மருந்து போட்ட துணி அப்போதே இருந்தது. விறைப்பாக, மங்கலாக இருக்கிறது என்று அவள்தான் வேண்டாம் என்றாள். இப்போது வரும் நைலான், பாலியஸ்டர் நெட் பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். மெழுகுவர்த்தி ஏற்றும் சடங்கு இருந்தால், நெட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரு தோழி பின்னால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் தோழியின் பெயரை இன்றே எழுதி வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஆச்சியின் நெட். நான் இதைத்தான் போடச் சொல்வேன். கவுனானாலும் புடவையானாலும் அது பொருந்தும். விக்டோரியாவே தன் கல்யாண லேஸை வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்து அணிந்தார். 1901-ல் அடக்கத்தின்போது முகத்தின்மேல் அந்தக் கல்யாண நெட்டைத்தான் போட்டார்கள். 60 வருஷ நெட் மஞ்சளித்திருக்கும், இருக்கட்டும். அதற்கு மேட்ச்சாகக் கவுனைப் பால் வெள்ளை விட்டு ஐவரியில் (தந்த நிறத்தில்) எடுத்தால் மஞ்சள் தெரியாது. ப்ளீச் வேண்டவே வேண்டாம். காட்டனா நைலானா என்று பார்க்க, மடித்த ஓரத்தில் ஒரே ஒரு நூலை உருவி, வாசலில் வைத்து நெருப்பு காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் காட்டன். சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் நைலான். 1966 என்பதால் இரண்டும் இருக்கலாம். காட்டன் என்றால் துவைப்பதை எனக்கு விட்டுவிடுங்கள்.

கிழிசல் இருந்தால் வெட்ட மாட்டேன், பின்னால் புது நெட் வைத்துத் தாங்கலாகத் தைப்பேன். 2018-ல் மேகன் மார்க்கிளின் ஐந்து மீட்டர் நெட்டில் காமன்வெல்த் நாடுகள் 53-இன் பூக்களையும் கையால் தைத்தார்கள். நம் தாமரையும் இலங்கையின் நீல அல்லியும் அதில் உண்டு. தைத்தவர்கள் அரை மணிக்கு ஒருமுறை கை கழுவினார்கள். எங்கள் கடையில் அவ்வளவு இல்லை. ஆனால் வெள்ளை எடுக்கும் நாளில் யாரும் மல்லிப்பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, வடையும் கிடையாது.

நெட்டை மடித்து கூரியரில் அனுப்பாதீர்கள். மடித்த கோட்டில்தான் பழைய நூல் விடும். பி.வி.சி. குழாயில் பழைய காட்டன் வேட்டியைச் சுற்றி, அதன்மேல் நெட்டைச் சுருட்டி, ஆச்சியையும் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள். நெட்டைத் தலையில் எப்படி ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தார்கள் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.